தூங்குமூஞ்சி மரம் தூங்குகிறதா?

சாலையோரத்தில் குடை விரித்ததுபோல நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை மாலை ஆறு மணி வாக்கில் அண்ணாந்து பாருங்கள். பகலெல்லாம் விரிந்திருந்த சிற்றிலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்பியிருக்கும். மதியம் அடர்ந்த நிழலாக இருந்த இடத்தில் இப்போது வானம் தெரியும். மலேசியாவில் இதற்கு 'ஐந்து மணி மரம்' என்று பொருள்படும் மலாய்ப் பெயர் உண்டு. மரம் நம்மூருடையது அல்ல. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காப் பக்கத்திலிருந்து வந்தது. வந்த மரத்துக்கு, வீட்டுப் பிள்ளையைத் திட்டுகிற மாதிரி ஒரு பெயரை வைத்து நம்முடையதாக ஆக்கிக்கொண்டோம்.

சரி, அது தூங்குகிறதா? 1729இல் பிரான்சில் தெ மேரான் என்ற வானியலாளருக்கு ஏறக்குறைய இதே சந்தேகம் வந்தது. பகலில் விரிந்து இரவில் கூம்பும் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சம் புகாத இடத்தில் கொண்டுபோய் வைத்தார். சூரியனைப் பார்த்துத்தான் இலை விரிகிறது என்றால் இருட்டில் விரியக் கூடாது. செடியோ தன் பாட்டுக்குக் காலையில் விரித்தது, மாலையில் மூடியது. அறைக்குள்ளேயே படுத்துக்கிடக்கும் நோயாளிகளுக்கும் பகல் எது இரவு எது என்று தெரிந்துவிடுவதோடு இதை ஒப்பிட்டிருக்கிறார்கள். மேரானுக்கு இதில் பெரிய அக்கறை இல்லை போலும். அவர் எழுதி வெளியிடவில்லை. நண்பர் ஒருவர்தான் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் தெரிவித்தார். உயிர்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற இன்றைய துறையே அந்த இருட்டறைச் செடியிலிருந்துதான் தொடங்குகிறது.

இலை எப்படி அசைகிறது என்பதும் இன்று நன்றாகத் தெரியும். இலைக்காம்பின் அடியில் அதைப்பு என்று ஒரு சிறு வீக்கம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்து செல்களிலிருந்து பொட்டாசியமும் குளோரைடும் வெளியேறும், பின்னாலேயே தண்ணீரும் போகும். அந்தப் பக்கம் தொய்ந்துவிடும். எதிர்ப்பக்கம் தண்ணீர் ஏறிப் புடைக்கும். ஒரு பக்கத்து டயரில் காற்றை இறக்கி மறுபக்கத்தில் ஏற்றினால் வண்டி சாய்வதுபோல இலை சாய்கிறது. 1970களில் அமெரிக்காவில் ரூத் சாட்டர் என்ற தாவரவியலாளர் இந்த உப்புப் போக்குவரத்தைத் தொடர்ந்து அளந்தார். அவர் எடுத்துக்கொண்ட செடிகளில் ஒன்று நம் தூங்குமூஞ்சிதான்.

ஆக, கடிகாரம் உண்மை, அசைவு உண்மை. 'தூக்கம்' மட்டும் நாம் கடன் கொடுத்த சொல். தாவரங்களைப் பற்றிக் கடந்த 150 ஆண்டுகளாக நடக்கும் சண்டைகளில் பெரும்பாதி இந்தக் கடன் சொற்களைப் பற்றியவைதான். செடி என்ன செய்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் பெரும்பாலும் உடன்பாடு வந்துவிடுகிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் கைகலப்பு.

ஜகதீஷ் சந்திர போஸின் கதையும் அப்படித்தான். "தாவரங்களுக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடித்தவர் யார்?" என்று பள்ளி வினாடிவினாவில் கேட்டு, போஸ் என்று விடை சொல்ல வைப்பார்கள். அவருக்கு முன்னால் தாவரத்துக்கு உயிர் இல்லை என்று எந்தத் தாவரவியலாளரும் சொன்னதில்லை; அதைக் கண்டுபிடிக்க ஆளும் தேவைப்படவில்லை. போஸ் சொன்னது வேறு, அதைவிடக் கூர்மையானது: தொட்டாற்சிணுங்கி போல அசையும் செடிகள் மட்டுமல்ல, முள்ளங்கியும் முட்டைக்கோஸும்கூடத் தூண்டினால் மின்துடிப்பால் பதில் சொல்கின்றன.

அவர் அடிப்படையில் இயற்பியலாளர். ரேடியோ அலைகளை வாங்கும் கருவிகள் தொடர்ந்து வேலை செய்தால் 'களைத்து'ப்போய், ஓய்வுக்குப் பின் மீள்வதைக் கவனித்து, அங்கிருந்து உலோகம், தசை, செடி என்று நகர்ந்தவர். 1901இல் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் இதை விளக்கியபோது முக்கியமாக எதிர்த்தவர் பர்டன் சாண்டர்சன் என்ற பெரிய உடலியங்கியலாளர். சாண்டர்சன் யார் என்றால், 1873இல் டார்வின் கேட்டுக்கொண்டதன் பேரில் ஈ பிடிக்கும் செடியான வீனஸ் பொறியின் இலையில் மின்துடிப்பை முதன்முதலாக அளந்தவரே அவர்தான்! சாதாரணச் செடிகளில் தானும் முயன்று பார்த்ததாகவும் எதுவும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். அதோடு, தலைப்பில் உள்ள 'எதிர்வினை' என்ற சொல்லை உடலியங்கியலுக்கு விட்டுவிட்டு வேறு சொல் போட்டுக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னதாகப் போஸின் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. போஸ் மசியவில்லை. 1917இல் கல்கத்தாவில் தன் பெயரிலான ஆய்வகத்தைத் தொடங்கினார். 1920இல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

போஸின் வேலைகளில் எனக்குப் பிடித்தது ஃபரீத்பூர் ஈச்சமரம். இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ஊர். அங்கே சாய்ந்து வளர்ந்திருந்த ஈச்சமரம் ஒன்று மாலைப் பூசை மணி ஒலிக்கும் நேரத்தில் தலை தாழ்த்தும், காலையில் நிமிரும். ஜனம் சும்மா இருக்குமா? மரம் சாமி கும்பிடுகிறது என்று கூட்டம் கூடி, படையல் போட்டு, நோய் தீர்ந்த கதைகளும் கிளம்பிவிட்டன. போஸ் மரத்தோடு பதிவுக் கருவியைக் கட்டி இரவும் பகலும் அளந்தார். வெப்பம் ஏறியபோது மரம் தாழ்ந்தது, குளிர்ந்தபோது எழுந்தது. மணிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியைச் செய்தவர், செடிகள் நம்மைப் போல உணர்கின்றன என்று மேடைகளில் உருகியவர், பக்திக்கு முன்னால் அளவுகோலோடுதான் போனார்.

அவரும் சில இடங்களில் சறுக்கினார். தண்டின் செல்கள் இதயம் போலத் துடித்துத்தான் சாற்றை மேலே ஏற்றுகின்றன என்றார். அது நிற்கவில்லை; இலைகளில் நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவைதான் தண்ணீரை மேலே கொண்டுபோகிறது என்ற விளக்கமே நிலைத்தது. ஆனால் செடிக்குள் மின்துடிப்புகள் ஓடுகின்றன என்ற அடிப்படை இன்று சர்ச்சைக்குரியதே அல்ல.

அதற்கு மிகத் தெளிவான சாட்சி வீனஸ் பொறி. அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் சதுப்பு நிலங்களில் மட்டுமே இயல்பாக வளர்வது. மண்ணில் நைட்ரஜன் போதாது. அதனால் பூச்சியைத் தின்கிறது. இரண்டு மடல்களின் உள்பக்கத்திலும் சில உணர்மயிர்கள் உண்டு. ஒரு மயிரை ஒருமுறை தொட்டால் ஒன்றும் நடக்காது. சுமார் 30 வினாடிக்குள் இரண்டாவது முறை தொட்டால், கண் இமைப்பதற்குள் பொறி மூடிக்கொள்ளும். மழைத்துளிக்கும் பறந்து வந்த சருகுக்கும் ஏமாறாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

மூடிய பிறகும் செடி எண்ணுவதை நிறுத்துவதில்லை. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. உள்ளே மாட்டிய பூச்சி துள்ளத் துள்ள உணர்மயிர்கள் மீண்டும் மீண்டும் தொடப்படுகின்றன. இரண்டு துடிப்புக்கு மேல் போனால் செரிமானத்துக்கான ஹார்மோன் ஏறத் தொடங்கும். ஐந்துக்கு மேல் போனால் செரிமான நொதிகளும், கரைந்த சத்தை உறிஞ்சும் ஏற்பாடும் தயாராகும். இரை பெரிதாக இருந்தால் அதிகமாகத் துள்ளும், நொதியும் அதிகமாகச் சுரக்கும். செத்த பூச்சியைப் போட்டால் செலவே இல்லை, கொஞ்ச நேரத்தில் பொறி திறந்துவிடும்.

மூளை இல்லாமல் எப்படி எண்ணுகிறது? ஓட்டைக் குடம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் தொடுகை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறது. அது கோட்டுக்குக் கீழேதான் நிற்கும், மெல்ல ஒழுகவும் தொடங்கும். ஒழுகித் தீர்வதற்குள் இரண்டாவது சொம்பு விழுந்தால் மட்டம் கோட்டைத் தாண்டும், பொறி மூடும். 2020இல் ஜப்பானின் ஒகசாகியில் உள்ள ஆய்வாளர்கள், கால்சியம் இருக்கும் இடத்தில் ஒளிரும் புரதத்தைச் செடிக்குள் புகுத்தி இந்தக் குடத்தை வீடியோவாகவே எடுத்துவிட்டார்கள். தண்ணீரின் இடத்தில் செல்லுக்குள் இருக்கும் கால்சியம், அவ்வளவுதான். இதை 'நினைவு' என்று சொல்லலாமா? அரை நிமிடத்துக்கு முன்னால் நடந்த ஒன்று இப்போதைய செயலை மாற்றுகிறது என்றால் சொல்லலாம். பாட்டியின் முகம் ஞாபகம் வருவதுபோன்ற நினைவா என்றால் இல்லை. செடிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி மூளையைத் தேடுவதைவிட, இவ்வளவு எளிய ஓட்டைக் குடம் இவ்வளவு சாமர்த்தியமான வேலையைச் செய்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாகத் தெரிகிறது.

இதே ஒளிரும் கால்சியத்தை வைத்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சைமன் கில்ராயும் மசாட்சுகு டொயோட்டாவும் 2018இல் வெளியிட்ட வீடியோவை அறிவியல் ஆர்வலர்கள் பலர் பார்த்திருப்பார்கள். புழு இலையைக் கடிக்கிறது. கடித்த இடத்திலிருந்து ஒரு வெளிச்ச அலை கிளம்பி, வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு வேகத்தில் மற்ற இலைகளுக்குப் போகிறது. அலையைக் கிளப்பிவிடுவது குளுட்டமேட். அஜினோமோட்டோவில் இருக்கிறதே, அதே பொருள். நம் மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டுபோவதும் அதுதான். 'செடிக்கும் நரம்பு மண்டலம் உண்டு' என்று உடனே தலைப்புகள் வந்தன. நரம்பு இல்லை; வேதிப்பொருளும் கால்சியமும் நம்மோடு பொது, அவ்வளவே. மிகப் பழைய சாமான்களை இரண்டு குடும்பங்கள் தனித்தனியாகப் பயன்படுத்தி வீடு கட்டியிருக்கின்றன.

அலை போன இடங்களில் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் கூடுகிறது. பெயரைப் பார்த்தாலே தெரியும், மல்லிகைக் குடும்பம். 1962இல் பிச்சிப்பூ எண்ணெயிலிருந்துதான் இதன் ஒரு வடிவத்தை முதலில் பிரித்தெடுத்தார்கள். தலையில் வைக்கும் பூவின் மணத்தில் இருக்கும் இந்தப் பொருள் தக்காளி இலைக்குள் போர்முரசு. அது ஏறினால் இலை, புழுவின் செரிமான நொதிகளை முடக்கும் புரதங்களைத் தயாரிக்கும். புழு தின்னலாம், ஆனால் உடம்பில் ஒட்டாது.

ஒரு செடிக்குள் இவ்வளவு நடக்கிறது என்றால், பக்கத்துச் செடிக்கும் ஏதாவது தெரியுமா? 1983இல் இரண்டு ஆய்வுகள் ஆமாம் என்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோட்ஸ், புழு தின்ற வில்லோ மரங்களுக்குப் பக்கத்தில் இருந்த, புழுவே படாத மரங்களின் இலைத் தரமும் மாறியதைக் கண்டார். டார்ட்மத் கல்லூரியில் இயன் பால்ட்வினும் ஜாக் ஷூல்ட்ஸும் ஒரே அறைக் காற்றைப் பகிர்ந்துகொண்ட பாப்லர், மேப்பிள் கன்றுகளில் அதேபோல ஒன்றைக் கண்டார்கள். பத்திரிகைகள் 'பேசும் மரங்கள்' என்று கொண்டாடின. சக விஞ்ஞானிகள் முகம் சுளித்தார்கள். சுளித்ததற்குக் காரணம் இருந்தது. 1966இல் கிளீவ் பேக்ஸ்டர் என்ற பொய்கண்டறியும் கருவி நிபுணர் தன் அலுவலகச் செடியில் அந்தக் கருவியை மாட்டி, அது மனித எண்ணங்களைப் படிக்கிறது என்று கிளப்பிவிட்டிருந்தார். 1975இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒழுங்காகச் செய்துபார்த்தபோது ஒன்றும் தேறவில்லை. அந்தக் கூத்துக்குப் பிறகு 'செடி', 'பேச்சு' என்ற இரண்டு சொற்களும் ஒரே வரியில் வந்தாலே ஆராய்ச்சிப் பணம் பறந்துபோகும் நிலைமை.

1983 ஆய்வுகளின் புள்ளிவிவரங்களையும் குறை சொன்னார்கள், அதில் நியாயமும் இருந்தது. 1990இல் ஃபார்மரும் ரயனும் அமெரிக்கப் பாலைநிலப் புதர்ச்செடியான சேஜ்பிரஷ்ஷின் கிளைகளையும் தக்காளியையும் மூடிய கலத்தில் ஒன்றாக வைத்துக் காட்டியதற்குப் பிறகுதான் காற்று மாறியது. சேஜ்பிரஷ் மீத்தைல் ஜாஸ்மோனேட்டை வெளியே விடுகிறது. அதை வாங்கிய தக்காளி, புழுவே இல்லாமல் பாதுகாப்புப் புரதங்களைத் தயாரித்தது. பின்னர் ரிச்சர்ட் கார்பன் என்ற ஆய்வாளர் கலிபோர்னியாவின் திறந்த வெளியில் பல ஆண்டுகள் இதையே துருவினார். 2023இல் டொயோட்டாவின் ஜப்பானியக் குழு, புழு கடித்த செடியின் காற்றை அடுத்த செடியின் மேல் ஊதி, அது இலைத்துளைகள் வழியே உள்ளே போய்க் கால்சியத்தை எழுப்புவதைப் படம் பிடித்தது. புல் வெட்டும்போது ஒரு பச்சை வாசனை வருமே, அந்த வாசனைப் பொருள்களில் சிலதான் அந்தச் செய்தி.

இங்கே ஒரு கேள்வி வந்தே தீரும். பக்கத்துச் செடி என்பது தண்ணீருக்கும் வெயிலுக்கும் போட்டி போடும் பங்காளி. பங்காளிக்கு எதற்கு எச்சரிக்கை? பெரும்பாலும் எச்சரிக்கை பங்காளிக்கே அல்ல, தன் சொந்தக் கிளைகளுக்கு என்பது ஒரு நல்ல விளக்கம். ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குச் சாற்றுக் குழாய் வழியே செய்தி போவது பல செடிகளில் சுற்றுவழி. காற்றில் விட்டால் பக்கத்துக் கிளைக்கு உடனே போய்விடும். மெக்சிகோவில் லைமா அவரையில் 2007இல் நடந்த ஆய்வு இதற்கு ஆதாரம் கொடுத்தது. அப்படியென்றால் பக்கத்துச் செடி செய்வது உரையாடல் இல்லை, ஒட்டுக்கேட்பது. 'பேசும் மரங்கள்' என்பதைவிட 'ஒட்டுக்கேட்கும் மரங்கள்' உண்மைக்கு நெருக்கம், சுவாரசியமும் கூட.

ஒட்டுக்கேட்பவர்களில் பூச்சிகளும் உண்டு. 1990இல் ஃபுளோரிடாவில் டர்லிங்ஸ், டம்லின்சன் குழு மக்காச்சோளக் கன்றுகளில் புழுவை விட்டது. கடிபட்ட கன்று சில மணி நேரத்தில் ஒரு மணக்கலவையை வெளியிட்டது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டுண்ணிக் குளவி வந்து புழுவுக்குள் முட்டை வைத்தது. இலையைக் கத்தியால் வெட்டினால் இந்த மணம் அவ்வளவாக வராது. வெட்டிய இடத்தில் புழுவின் எச்சிலைத் தடவினால் வரும். யார் கடித்தது என்பது செடிக்கு 'தெரிகிறது'. வேரிலும் இதே ஆட்டம். வேர்ப்புழு கடித்த மக்காச்சோள வேர், கேரியோஃபிலீன் என்ற பொருளை மண்ணுக்குள் விடுகிறது. அதை முகர்ந்து நூற்புழுக்கள் வந்து வேர்ப்புழுவைக் கொல்லும். நம் மிளகிலும் கிராம்பிலும் காரமணம் கொடுக்கும் பொருள்களில் ஒன்று அது. அமெரிக்க மக்காச்சோள ரகங்கள் பலவற்றில் இந்தத் திறன் காணாமல் போயிருந்தது என்று 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மகசூலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனபோது, மணம் கைநழுவியதை யாரும் கவனிக்கவில்லை. கென்யாவில் நடந்த ஆய்விலும் இதே கதை: தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சி முட்டை வைத்தாலே நாட்டு மக்காச்சோளம் குளவிகளை அழைத்தது, சோதித்த வணிகக் கலப்பின ரகங்கள் அழைக்கவில்லை. நாட்டு ரகம் என்றாலே உணர்ச்சிவசப்படுபவர்களுக்கு உணர்ச்சி இல்லாத ஒரு நல்ல காரணம் இது.

கென்யாவில்தான் இந்த அறிவியல் வயலுக்கும் இறங்கியது. விக்டோரியா ஏரிக்கரையில் ம்பிட்டா என்ற ஊரில் இசிபே என்ற பூச்சியியல் ஆய்வு நிலையத்துக்குக் களம் இருக்கிறது. இந்தியாவில் பிறந்த ஜியாவூர் கான் அங்கே பிரிட்டனின் ரோதம்ஸ்டெட் ஆய்வாளர்களோடு சேர்ந்து 'தள்ளு-இழு' முறையை உருவாக்கினார். மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி; அதன் மணம் அந்துப்பூச்சியைத் தள்ளும். வயலைச் சுற்றி நேப்பியர் புல். அதன் மணம் பூச்சியை இழுக்கும். அங்கே முட்டையிட்டால் புல்லின் பிசினில் புழுக்கள் பெரும்பாலும் செத்துவிடும். டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவு, சுடுமல்லி என்று நம் விவசாயிகள் சொல்லும் ஸ்டிரைகா என்ற ஒட்டுண்ணிக் களையை, பற்றிக்கொள்ள வேர் இல்லாத இடத்தில் முளைக்க வைத்துச் சாகடிக்கிறது. இரண்டு செடியும் மாட்டுக்குத் தீவனம். மருந்துச் செலவு இல்லாததால் கிழக்கு ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான சிறு விவசாயிகள் இதற்கு மாறியிருக்கிறார்கள். ஆனால் அண்மையில் ஒரு ஆய்வு இதிலும் ஒரு குண்டைப் போட்டது: படைப்புழு விஷயத்தில் டெஸ்மோடியம் மணத்தால் தள்ளவில்லை, இலையிலும் தண்டிலும் உள்ள கொக்கி மயிர்களில் புழுக்களைச் சிக்கவைத்துக் கொல்கிறது என்று. முறை வேலை செய்கிறது, ஏன் என்பதில்தான் தகராறு. விவசாயிக்குக் கவலை இல்லை, எனக்கு இது பிடித்திருக்கிறது.

காட்டுக்கடியில் பூஞ்சை இழைகளால் மரங்கள் பின்னப்பட்டு, தாய் மரம் பிள்ளை மரத்துக்கு ஊட்டிவிடுகிறது என்ற கதைக்குப் போவோம். வாட்ஸப்பில் வராத வாரமில்லை. இதன் வித்து 1997இல் சுசான் சிமார்ட் குழு கனடாவில் செய்த ஆய்வு. பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் நடுவே கார்பன் இரு திசையிலும் போவதை, தனித்தனி அடையாளம் இட்ட கார்பனைக் கொண்டு காட்டினார்கள். நல்ல ஆய்வு. அதற்குப் பிறகு கதை ஆய்வை விட்டு ஓடிவிட்டது. 2023இல் மூன்று ஆய்வாளர்கள் அதுவரையான களச் சான்றுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். மரத்திலிருந்து மரத்துக்குப் போனது பூஞ்சை இழை வழியாகத்தானா, மண் வழியாகவா என்பதே பல ஆய்வுகளில் பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது. தாய் மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்பதற்குக் காட்டில் எடுத்த சான்றே இல்லை என்றார்கள். அந்த மூவரில் ஒருவரான மெலனி ஜோன்ஸ், 1997 ஆய்வின் ஆசிரியர்களிலும் ஒருவர். தான் கைவைத்த வேலை எங்கே அளவு மீறிப் புரிந்துகொள்ளப்பட்டது என்று அவரே திரும்பி வந்து சொன்னது பெரிய காரியம். பாராட்டுக் கூட்டம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை!

2023இலேயே 'தக்காளிச் செடி கதறுகிறது' என்றும் படித்திருப்பீர்கள். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் லிலக் ஹடானியின் குழு, தண்ணீர் விடாத அல்லது தண்டு வெட்டப்பட்ட செடிகள் மணிக்கு 30 முதல் 50 முறை 'டிக்' என்ற மீயொலி எழுப்புவதைப் பதிவு செய்தது. நலமாக இருக்கும் செடி மணிக்கு ஒருமுறைகூட எழுப்புவதில்லை. பெரும்பாலும் நீர்க்குழாயில் காற்றுக்குமிழி உடைவதால் வரும் சத்தம். நம் முழங்கால் மடக்கும்போது வரும் சத்தத்தைக் கதறல் என்று சொல்வோமா? ஆனால் அதைக் கேட்டு எந்தச் செடிக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு கருவியால் கண்டுபிடிக்க முடியும், அது உபயோகமான விஷயம்.

கற்றல் என்ற சொல்லுக்கு வந்தால் விவகாரம் இன்னும் சூடு. மோனிகா காக்லியானோ என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட சோதனையில் தொட்டாற்சிணுங்கித் தொட்டிகளை 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற தளத்தில் திரும்பத் திரும்ப விழவைத்தார்கள். முதலில் இலை மூடிய செடிகள், ஆபத்தில்லை என்பதுபோலப் போகப்போக மூடுவதை நிறுத்தின. 28 நாள் கழித்துச் சோதித்தபோதும் மூடவில்லை. களைப்பா கற்றலா என்பதில் மற்றவர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. 2016இல் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். மணி அடித்தால் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாயைப் போல, மின்விசிறிக் காற்றை வெளிச்சத்தோடு சேர்த்துப் பழக்கினால் பட்டாணிச் செடி காற்றை நம்பித் திசை திரும்புகிறது என்றார். 2020இல் கேசி மார்கெல் என்ற இளம் ஆய்வாளர் அதிகச் செடிகளை வைத்து, எந்தச் செடி எந்தப் பிரிவு என்று அளப்பவருக்குத் தெரியாதபடி அதே சோதனையைச் செய்தார். அந்த விளைவு வரவில்லை. பட்டாணி கற்றுக்கொள்ளாது என்று இதனால் முடிவாகிவிடாது. கற்றுக்கொண்டது என்று சொல்ல இப்போதைக்குக் கையில் ஒன்றும் இல்லை.

இதன் பின்னணியில் ஒரு சொற்போர் ஓடிக்கொண்டிருக்கிறது. 2006இல் சிலர் 'தாவர நரம்பியல்' என்று ஒரு துறைக்குப் பெயர் சூட்டினார்கள். வேர் நுனி, கீழ்நிலை விலங்கின் மூளையைப் போல இயங்குகிறது என்று 1880இல் டார்வின் எழுதிய வரி அவர்களுக்கு வேதவாக்கு. அடுத்த ஆண்டே 36 தாவரவியலாளர்கள் கையெழுத்திட்டு, நரம்பே இல்லாததற்கு நரம்பியல் எதற்கு என்று கேட்டார்கள். சில ஆண்டுகளில் தாவர நரம்பியல்காரர்களின் சங்கமே தன் பெயரை 'தாவரச் சமிக்ஞையும் நடத்தையும்' என்று மாற்றிக்கொண்டது. வேலை மாறவில்லை, பலகை மட்டும் மாறியது.

தமிழில் இந்தக் குழப்பம் இன்னொரு விதமாக வரும். "புல்லும் மரனும் ஓரறிவினவே" என்ற தொல்காப்பிய அடியைக் காட்டி, செடிக்கு அறிவு உண்டு என்று நாம் அன்றே சொல்லிவிட்டோம் என்பார்கள். அந்த நூற்பாவில் அறிவு என்பது புலன். உற்று அறிவது, அதாவது தொடு உணர்வு ஒன்று மட்டும் புல்லுக்கும் மரத்துக்கும் உண்டு என்பதுதான் அங்கே சொல்லப்படுவது. மதிநுட்பம் பற்றிய பேச்சே இல்லை. இன்றைய கணக்கில் ஓரறிவு குறைவான மதிப்பீடு என்றும் சொல்லலாம்: தொடுகை, ஒளி, மணம், ஈர்ப்பு, இலையைப் புழு கடிக்கும் அதிர்வு என்று எல்லாவற்றையும் செடி வாங்குகிறது. கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடியின் முளை, தக்காளியையும் கோதுமையையும் மணத்தால் பிரித்தறிந்து தக்காளிப் பக்கம் போனதை 2006இல் காட்டினார்கள். மயக்க மருந்துகூட வேலை செய்கிறது: ஈதர் ஆவியில் வைத்தால் தொட்டாற்சிணுங்கி தொட்டாலும் சிணுங்காது, ஆவி போனதும் பழையபடி சிணுங்கும். பிரெஞ்சு உடலியங்கியலாளர் கிளாட் பெர்னார் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைச் செய்து காட்டினார். மயங்குகிறது என்றால் முன்னால் நினைவோடு இருந்தது என்றுதானே அர்த்தம் என்று இதைச் சிலர் இழுப்பார்கள். மயக்க மருந்து செல்லின் சவ்விலும் அதன் மின்வாயில்களிலும் வேலை செய்கிறது. அவை மூளை உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் பொது.

இப்படி ஒவ்வொரு பெரிய சொல்லையும் அளந்து குறைத்துக்கொண்டே வந்தாலும், அளவுக்குள் அடங்காத ஒரு செடி மிச்சம் இருக்கிறது. சிலியின் மழைக்காட்டில் போகில்லா என்று ஒரு கொடி. எந்த மரத்தின் மேல் ஏறுகிறதோ அந்த மரத்தின் இலையைப் போலத் தன் இலையின் அளவு, வடிவம், நிறம் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும். ஒரே கொடி இரண்டு மரங்களில் படர்ந்தால், இங்கே ஒரு இலை, அங்கே வேறு இலை. 2014இல் எர்னெஸ்டோ ஜியனோலியும் சக ஆய்வாளரும் இதை வெளியிட்டார்கள். மரத்தின் மணத்தைப் பிடிக்கிறதோ என்று யோசித்தார்கள். மரத்திலிருந்து கொடிக்குத் தாவும் நுண்ணுயிர்கள் காரணமோ என்று பிறகு பாக்டீரியாக்களையும் ஒப்பிட்டார்கள். 2022இல் வேறு இருவர், பிளாஸ்டிக் செடிக்குப் பக்கத்தில் வளர்த்தாலும் கொடி அந்தப் பிளாஸ்டிக் இலையைப் போல மாறுகிறது, ஆகவே அதற்குப் பார்வை இருக்கிறது என்றார்கள். பிளாஸ்டிக்குக்கு மணமும் இல்லை, மரபணுவும் இல்லை அல்லவா? அந்தச் சோதனை நடந்தது ஒரு வீட்டு ஜன்னலோரம். வயதான இலைக்கும் இளம் இலைக்கும் உள்ள வித்தியாசத்தையே அவர்கள் அளந்திருக்கலாம் என்பது விமர்சகர்கள் பக்கம். 2024இல் அந்த ஆய்வுக்கு, முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் வேலைகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. மணமா, நுண்ணுயிரா, பார்வையா என்பது இன்னும் தீரவில்லை. கொடி அடுத்த மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது.